முடிவு என்று ஒரு கட்டம்

என் உடன்பிறந்த தம்பிக்கு அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கக் கடவுள் துணை நிற்பார். இங்கே நானும் உன் அத்தானும் நலம் என்று எழுதுவதுதான் முறை. நான் நலம். அவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்கு எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளச் சலவை அறையில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன். அக்கா ஆளைக் கூட்டிச் சொல்கிறாள், குறைத்துச் சொல்கிறாள் என்று பின்னால் பேச்சு வரக் கூடாது. குடியிருப்போர் சங்கத் தலைவர், நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டட மேற்பார்வையாளர், சாவிக்கொத்துடன். மூன்றாம் மாடி நர்ஸ். முதல் மாடி பேக்கரிக்காரர், விடிய விடிய வேலை என்பதால் எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுபவர். தையல்காரரும் அவர் மனைவியும். கடைசி நாற்காலியில், கதவை ஒட்டி, உன் அத்தான். அப்புறம் நான். ஆக எட்டுப் பேர். புரொஜெக்டர் கொடுத்து உதவிய பள்ளிக்கூட ஆசிரியர் தான் வராமல் பெட்டியை மட்டும் அனுப்பியதால் அவரைச் சேர்க்கவில்லை. ஒன்பதாவதாக, சுவரோரம் கட்டிய படுக்கை விரிப்பில், கதவைவிடப் பெரிதாக, நீ.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் நாலாவது வரியில் "அக்கா, கஸ்டமர் நிக்கிறாங்க, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். அந்த அப்புறத்துக்காக என் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன், இன்னும் காலியாகவே இருக்கிறது. கடிதத்தை அப்படி வைக்க முடியாது. மடித்துப் பையில் போட்டாலும் விட்ட இடத்திலேயே காத்துக்கொண்டிருக்கும்.

நீயும் அவரும் பேசி மூன்று வருஷம் இரண்டு மாசம் பதினொரு நாள் ஆகிறது. தினமும் காலையில் வேண்டிக்கொள்ளும்போது உங்கள் இருவர் பெயரையும் ஒரே மூச்சில் சொல்கிறேன். நடுவில் மூச்சு விட்டால் கடவுள் அதைத் தனித்தனி மனுவாக எடுத்து வேறு வேறு ஃபைலில் வைத்துவிடுவாரோ என்று பயம். என்ன நடந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் கணக்கு என்றால் முதலிலிருந்து வர வேண்டும். எங்கள் வாஷிங் மெஷினில் தண்ணீர் ஒழுகியது. நீ வந்து பிரித்து, ஒரு மணி நாற்பது நிமிஷத்தில் திருப்பி மாட்டினாய். தரையில் ஒரு ஸ்க்ரூ மிச்சம் கிடந்தது. நீ அதைக் காலால் தள்ளிவிட்டாய். யார் முன்னால்? ஸ்க்ரூ தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷமாகத் தரப் பரிசோதனை செய்கிற மனுஷன் முன்னால். அவர் குனிந்து எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இது எங்கே போக வேண்டியது என்று கேட்டார். அது எக்ஸ்ட்ரா, கம்பெனிக்காரன் ஒன்று இரண்டு கூடவே போட்டு அனுப்புவான் என்றாய். அப்போதுதான் அவர் அந்த வார்த்தையை விட்டார்: "மறை கழண்டது மெஷினுக்கா, உனக்கா?" நீ சும்மா இருந்திருக்கலாம். "உங்களுக்குத்தான் அத்தான் ரொம்ப முறுக்கி வெச்சிருக்கு, அரைச் சுத்து லூஸ் பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து, ஈரக் கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாய்.

அன்றைக்கு அந்த மெஷின் மேல் துணி போட்டு மூடியவர்தான். இன்றுவரை அதன்மேல் அவருடைய பழைய பேப்பர் அடுக்குதான் இருக்கிறது. ஒரு ஸ்க்ரூ குறைந்த மெஷினில் என் கை படக் கூடாதாம். சரி, வேறு மெக்கானிக்கைக் கூப்பிடுவோம் என்றால், "அவன் பிரிச்சான், அவன்தான் மாட்டணும்" என்பார். அப்படியானால் உன்னைக் கூப்பிடட்டுமா என்றால் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். இந்தப் பக்கம் நீயும் லேசுப்பட்டவனா? போன் பண்ணும்போதெல்லாம் "அந்த மெஷின் மூடித்தானே கெடக்கு? நெஜமா யாரும் போடறதில்லையே?" என்று இரண்டு தடவை விசாரிப்பாய். அக்காவின் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டதில்லை. மெஷின் மேல் உனக்கு இருக்கிற பாசம் என் முதுகின் மேல் இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

அதனால்தான் மூன்று வருஷமாக நான் துணிக்கூடையோடு கீழ்த்தளத்துக்கு இறங்குகிறேன். அங்கே எல்லா வீட்டுக்கும் பொதுவாக நாலு மெஷின். இரண்டு படுத்துவிட்டன. தலைவர், அறையையே பூட்டிப் பழைய மேசை நாற்காலி போட வைத்துக்கொள்ளலாம் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார். மெஷின் கெடுவதற்குக் காரணம் மெஷின் இல்லை, ஒருவரும் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்வதில்லை. மூன்றாம் எண் மெஷினின் வடிகட்டியிலிருந்து என் கண்ணெதிரே எடுத்தது: குழந்தைச் சாக்ஸ் ஒன்று, ஹேர்ப்பின் நாலு, சாவி ஒன்று. அந்தச் சாவி மேற்பார்வையாளர் இரண்டு மாசமாகத் தேடிக்கொண்டிருந்த அதே அறையின் சாவி. எனக்குப் பத்து நிமிஷம் கொடுங்கள், சுத்தம் செய்வது எப்படி என்று எல்லாருக்கும் ஸ்லைடு போட்டுக் காட்டுகிறேன், அதற்கப்புறம் பூட்டுவதா வேண்டாமா என்று கை தூக்குங்கள் என்றேன். ஸ்லைடு என்றதும் தலைவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகவே கற்றுக்கொண்டேன்.

உன்னிடம் மறைப்பானேன். சலவை அறை ஒரு சாக்கு. வடிகட்டி சுத்தம் செய்வதைப் பற்றி நீயே ஒரு வீடியோ போட்டிருக்கிறாய் அல்லவா? அதை ஸ்லைடுக்குள் வைத்துவிட்டால், உன் குரல் மூன்று நிமிஷமாவது அவர் காதில் விழும். அத்தனை பேர் நடுவில் எழுந்து போகவும் மாட்டார். மூன்று வருஷம் வேண்டிக்கொண்டு நடக்காதது மூன்று நிமிஷத்தில் நடக்கட்டுமே என்று ஒரு நப்பாசை. யார் வீடியோ என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது பொய்யில் சேருமா என்று இரண்டு நாள் யோசித்து, சேராது என்று முடிவு செய்தேன். இப்போது சேரும் என்று தோன்றுகிறது.

எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானே கற்றுக்கொண்டேன். முதல் நாள் லேப்டாப்பைத் திறந்து, கண்ணை மூடி வேண்டிக்கொண்டு, திறந்து பார்த்தால் திரை அணைந்திருந்தது. வேண்டுதல் நீளமாகிவிட்டது. மறுநாளிலிருந்து முதலில் வேண்டுதல், பிறகு லேப்டாப்பைத் திறப்பது என்று வழக்கத்தை மாற்றினேன். போனில் உன் வீடியோவின் முகவரியைப் பார்த்து நோட்டில் எழுதி, நோட்டைப் பார்த்து லேப்டாப்பில் அடித்தேன். எழுத்தும் எண்ணும் புள்ளியும் கோடுமாக நாற்பத்து மூன்று. ஆங்கிலத்தில் சின்ன எல்லும் பெரிய ஐயும் ஒரே குச்சியாகத்தான் நிற்கின்றன, சுழியமும் ஓவும் ஒரே முட்டை. ஆறு தடவை அடித்தேன், ஆறு தடவையும் அப்படி ஒரு வீடியோவே இல்லை என்றது. நீ இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், கம்ப்யூட்டர் இல்லை என்கிறது. அந்த ஒரு நாள் மனசு என்னவோ போல் இருந்தது. அப்படியே நகல் எடுத்து ஒட்டலாம் என்பது எட்டாம் நாள்தான் தெரிந்தது. ஒட்டியதும் ஸ்லைடில் நீ வந்தாய், தபால்தலை அளவில். ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், அகலமானாய். கன்னம் எல்லாம் பூசினாற்போல் ஆகி, பரவாயில்லை, தம்பி நன்றாகச் சாப்பிடுகிறான் என்று சந்தோஷப்பட்டு, அப்படியே இரண்டு நாள் வைத்திருந்தேன். மூலையைப் பிடித்து இழுக்க வேண்டும், ஓரத்தைப் பிடித்தால் ஆள் சப்பையாகிவிடுவான் என்று அப்புறம் புரிந்தது. சரிசெய்ததும் பழையபடி ஒல்லியாகிவிட்டாய். என்னதான் சாப்பிடுகிறாய்?

தவறு நடந்த இடம் இதற்கடுத்தது, கவனமாகப் படி. வீடியோவை ஸ்லைடில் வைத்ததும் பக்கத்தில் இரண்டு கட்டம் வரும். ஒன்று தொடக்கம், ஒன்று முடிவு. எந்த நிமிஷத்தில் தொடங்கி எந்த நிமிஷத்தில் நிற்க வேண்டும் என்று அதில் எழுதினால் அது தானாக நடந்துகொள்ளும். எனக்கு வேண்டியது ஒரு நிமிஷம் பதினைந்து விநாடியிலிருந்து நாலு நிமிஷம் ஐந்து விநாடி வரை. தொடக்கத்தை எழுதிவிட்டேன். அப்புறம் பார்க்கிறேன், உன் முகம், அதற்குப் பக்கத்தில் "முடிவு" என்று ஒரு கட்டம், நேரத்தைக் குறிப்பிடவும் என்று காத்துக்கொண்டிருக்கிறது. கூடப் பிறந்தவன் முகத்தை வைத்துக்கொண்டு அவனுக்கு முடிவு நேரம் நான் என் கையால் எழுதுவதா? தினமும் உன் ஆயுசுக்கு வேண்டிக்கொள்கிற விரல் இது. நாலு என்று அடித்துவிட்டேன், உடனே அழித்துவிட்டேன். அது வீடியோவின் முடிவுதான், உன்னுடையது இல்லை என்று புத்திக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. கட்டத்தைக் காலியாகவே விட்டேன். நாலு ஐந்து ஆனதும் நானே பொத்தானைத் தட்டி நிறுத்திவிடுகிறேன், இதற்கு ஒரு கட்டம் எதற்கு என்று. வீட்டில் பத்தொன்பது தடவை ஒத்திகை பார்த்தேன். பதினெட்டுத் தடவை சரியாக நாலு ஐந்தில் நிறுத்தினேன், ஒரு தடவை மட்டும் யாரோ கதவு மணி அடித்ததால் நாலு ஆறு. அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. உன் மற்ற வீடியோ எல்லாவற்றிலும் கையைத் துடைத்துக்கொண்டு "சரி, வரேன்" என்பாய், பிறகு கடை விலாசமும் போன் நம்பரும் வரும். இதிலும் அதுதான் என்று நினைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தொடங்கியது. தையல்காரர் வீட்டு முக்காலியில் புரொஜெக்டர், தண்ணீர்க் குழாயில் கட்டிய என் வெள்ளை விரிப்பு, இரண்டாம் எண் மெஷின் மேல் லேப்டாப். பிளக்கு பக்கத்தில் இருந்ததாலும் மெஷின் சத்தமில்லாமல் இருந்ததாலும் அதன்மேல் வைத்தேன். முதல் மூன்று ஸ்லைடு அருமையாகப் போனது. நாலாவதில் நீ வர வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம். கீழ்த்தளத்தில் நெட் வராது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. வீடியோவைத்தான் ஸ்லைடுக்குள் வைத்துவிட்டேனே, அப்புறம் நெட் எதற்கு என்றேன். நர்ஸ்தான் விளக்கினாள். "வீடியோ உங்க ஸ்லைடுக்குள்ள இல்லக்கா. அது அதோட வீட்லயேதான் இருக்கு. நீங்க ஒரு ஜன்னல் மட்டும் வெச்சிருக்கீங்க." சொல்லிவிட்டு, தன் போனிலிருந்து நெட் தருகிறேன் என்று சிக்னல் கிடைக்கிற இடம் தேடி மாடிப்படியில் ஏழாவது படியில் போய், போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசிவரை கையை இறக்கவில்லை, நல்ல பெண்.

ஜன்னல் திறந்தது. முதலில் நீ வரவில்லை, தலைமுடி வளர்க்கிற எண்ணெய்க்கு விளம்பரம் வந்தது. பதினைந்து விநாடி. தலைவருக்கு முன்நெற்றியிலிருந்து பின்கழுத்துவரை மைதானம். அதுவும் என் உரையில் சேர்த்தி என்று நினைத்து, தலையைத் தடவிக்கொண்டு, சலவைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். அதற்குள் நீ வந்துவிட்டாய். உன் அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். அவர் உன்னைப் பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டார். எழுந்து போகவில்லை. எழுந்து போகவில்லை என்பதை நேரத்தோடு நோட்டில் குறித்திருக்கிறேன். நீ மூடியைத் திருகிக் கழற்று, கீழே தட்டு வை, தண்ணீர் வடியட்டும் என்று சொல்லச் சொல்ல, அவர் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்தது. கடவுளே, பலித்துவிட்டது என்று நான் கண்ணை மூடிய அந்த நொடி, மூன்று நிமிஷம் ஐம்பது விநாடி, காலுக்குக் கீழே தரை நடுங்கியது.

இரண்டாம் எண் மெஷின் சும்மா இருக்கவில்லை தம்பி, அதற்குள் பேக்கரிக்காரருடைய மாவுத் துணிகள் ஊறிக்கொண்டிருந்திருக்கின்றன. ஊறி முடிந்து, பிழிவதற்காகச் சுழல ஆரம்பித்துவிட்டது. லேப்டாப் மெஷின் மேல் தானாக நடக்கத் தொடங்கியது. விளிம்புக்குப் போய்விட்டது. நான் பாய்ந்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தேன். இப்போது நாலு ஐந்து. பொத்தானைத் தட்ட எனக்கு மூன்றாவது கை இல்லை. பிளக்கைப் பிடுங்குங்கள் என்று கத்தினேன். மேற்பார்வையாளர் பிடுங்கினார், மெஷினுடைய பிளக்கை. மெஷின் நின்றது. அறை அப்படியே நிசப்தமாகி, அதுவரை பாதி கேட்டும் கேட்காமலும் இருந்த உன் குரல் கணீரென்று ஒலித்தது. பேக்கரிக்காரர் சத்தம் நின்றதும் விழித்துக்கொண்டார். நீ கையைத் துடைத்தாய். "சரி, வரேன்" என்று சொல்லவில்லை. சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது:

"வடிகட்டி முடிஞ்சுது. இப்ப ஒரு கதை சொல்றேன். எங்க அக்கா வீட்டுக்காரர் ஸ்க்ரூ ஃபேக்டரில பரிசோதகர். ஒரு நாளைக்கு நாலாயிரம் ஸ்க்ரூவ உத்துப் பாக்கற மனுஷன். வீட்டுக்கு வந்தா எங்க அக்கா மூஞ்சியையும் அப்படியேதான் பாப்பாரு, எங்கயாவது புரி தேஞ்சிருக்கான்னு. அவங்க வீட்டு மெஷினப் பிரிச்சு மாட்டினேன், ஒரு ஸ்க்ரூ மிச்சம். ஏதோ குழந்தையத் தொலைச்சுட்டு வந்த மாதிரி என்னப் பாத்தாரு. மறை கழண்டது மெஷினுக்கா உனக்கான்னு கேட்டாரு. அப்பேர்ப்பட்ட ஆளு..."

நீ இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உன் அத்தான் எழுந்து முன்னால் வந்தார். லேப்டாப் விழுந்துவிடும் என்று எனக்கு உதவ வந்தாரா, உன்னை அடிக்க வந்தாரா தெரியாது. வந்தவர் புரொஜெக்டர் வெளிச்சத்துக்குக் குறுக்கே நின்றுவிட்டார். அவருடைய வெள்ளைச் சட்டையில், நெஞ்சுக்கு நேரே, உன் முகம் விழுந்தது. உன் வாய் அவர் சட்டைப் பை மேல் அசைந்தது. அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். கை நீட்டி, சரியான பொத்தானைத் தானே கண்டுபிடித்துத் தட்டினார். நாலு நிமிஷம் ஐம்பத்திரண்டு விநாடி. பிறகு, படியில் நின்ற நர்ஸின் தூக்கிய கைக்குக் கீழே குனிந்து, மேலே போய்விட்டார்.

அத்தோடு விட்டதா? பேக்கரிக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அப்பேர்ப்பட்ட ஆளு... அப்புறம் என்ன?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு கூட்டத்தில் முழுசாக விழித்திருந்தது இதுதான் முதல் தடவை. அப்பேர்ப்பட்ட ஆளுக்கு எங்க அக்கா வாக்கப்பட்டுட்டா என்று வரும் என்றார் தையல்காரர். அப்பேர்ப்பட்ட ஆளோட மனுஷன் பேசுவானா என்று வரும் என்றார் அவர் மனைவி. மிச்சத்தைப் போடுங்கள் என்றார்கள். நான் மாட்டேன் என்றேன். அழுதுவிட்டேன் என்றும் எழுத வேண்டும். தலைவர் உடனே பேனாவை எடுத்து, வீடியோவின் மிச்சப் பகுதியை உறுப்பினர்கள் அனைவரும் வருகிற ஞாயிறு ஒன்றாகப் பார்த்த பிறகே சலவை அறை பற்றித் தீர்மானிக்கப்படும், அதுவரை யாரும் தனியாகப் பார்த்துவிட்டு வந்து அபிப்பிராயம் சொல்லக் கூடாது, முடிவு ஒத்திவைக்கப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார். பார், கட்டத்தில் நான் எழுதாத முடிவு எங்கே போய் நிற்கிறது என்று.

வீட்டில் அன்றிலிருந்து அவர் பேசியவை: திங்கட்கிழமை, "உப்பு." செவ்வாய், "குடை எங்க?" புதன், ஒன்றும் இல்லை. வியாழன், எதிர்வீட்டுக்காரர் வணக்கத்துக்குப் பதில் வணக்கம், அதை என் கணக்கில் சேர்க்கக் கூடாது. தினமும் காலையில் குளியலறைக்குள் போனால் நாற்பது நிமிஷம். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உள்ளே என்ன செய்கிறாரோ தெரியவில்லை, அழுகிறாரோ என்றுகூட நினைத்தேன். இதில் இன்னொரு வேதனை. உன் வீடியோவுக்குக் கீழே எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண் போடுகிறது அல்லவா? ஞாயிறு சாயங்காலம் 212. திங்கள் 219. செவ்வாய் 226. புதன் 232. வியாழன் 239. நான் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன். மிச்சத்தைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஊரே உட்கார்ந்து உன் அத்தானைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது. ஒரு மனுஷன் நாலாயிரம் ஸ்க்ரூ பார்ப்பது கிண்டலா? அதில் ஒன்று சரியில்லை என்றால் எங்கோ ஒரு ஏணி சரியும், ஒரு கட்டில் விழும் என்று கண் எரிய எரியப் பார்க்கிறவர்டா அவர். என் முகத்தை உற்றுப் பார்க்கிறார் என்கிறாய். ஆமாம் பார்க்கிறார். எனக்குக் காய்ச்சல் வருவதை எனக்கு முன்னால் அவர்தான் கண்டுபிடிப்பார். உன்னையும் அப்படித்தான் பார்த்தார், நீ அதைத்தான் தாங்க மாட்டாமல் போனாய்.

ஆகையால் அக்கா உன்னிடம் கேட்பது மூன்று. ஒன்று, நர்ஸ் சொன்னபடி வீடியோ உன் வீட்டில்தான் இருக்கிறது, நான் ஜன்னல் மட்டும்தான். எனவே அதை நீதான் எடுக்க முடியும். இதைக் கூரியரில் அனுப்புகிறேன், ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்துவிடு. கறுப்புச் சதுரம் வந்தால் வரட்டும், சலவை அறை போனால் போகட்டும், நான் கையால் துவைத்துக்கொள்கிறேன். இரண்டு, அவருக்கு இரண்டு வரியாவது மன்னிப்புக் கேட்டு எழுது. மூன்று, அடுத்த மாசம் இந்தப் பக்கம் வருகிறேன் என்றாயே, வராதே. மூன்று வருஷமாக வா வா என்று வேண்டிக்கொண்ட அதே ஆள் வராதே என்று எழுதுகிறேன். அவர் ஆறட்டும்.

உன் வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு. பிள்ளைகள் படிப்பில் கண்ணாக இருக்கட்டும். உன் மனைவியிடம், நான் உன்மேல்தான் கோபமாக இருக்கிறேன், அவள்மேல் இல்லை என்று சொல். உனக்கு ஒரு குறையும் வராமல் ஆயுசு நீண்டு, கை சுகமாக, தொழில் பெருகி, வாய் மட்டும் கொஞ்சம் குறைந்து வாழக் கடவுள் கண் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை காலை எழுதுவது. கடிதத்தை உறையில் போட்டு நாக்கால் ஈரம் வைக்கப்போன நேரத்தில், மேற்பார்வையாளர் குழாய் வேலைக்காகக் கட்டடம் முழுக்கத் தண்ணீரை நிறுத்திவிட்டார். குளியலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. உள்ளேயிருந்து உன் குரல் கேட்டது. "அப்பேர்ப்பட்ட ஆளு..." என்றாய். கதவைத் தட்டினேன். உன் குரல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. தோளில் துண்டு, உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, கையில் போன். திருட்டுப் பால் குடித்த பூனை மாதிரி நின்றார். மிச்சத்தைப் போடுங்கள் என்றேன். போட்டார். குளியலறை வாசற்படியில் இருவரும் நின்று கேட்டோம்.

"அப்பேர்ப்பட்ட ஆளு சொன்னதுதாங்க சரி. ரெண்டு மாசம் கழிச்சு அதே மாடல இன்னொரு வீட்ல பிரிக்கும்போதுதான் பாத்தேன், அது எர்த் ஒயரப் புடிக்கிற ஸ்க்ரூ. அது இல்லாம ஓடியிருந்தா ஷாக் அடிச்சு எங்க அக்கா கை என்ன ஆயிருக்கும்னு நெனச்சு அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. அவரு அன்னைக்கே மெஷின மூடி வெச்சுட்டார்னு அக்கா சொன்னப்பதான் மூச்சு வந்துது. இப்பவும் கேட்டுக் கேட்டு உறுதி பண்ணிக்கறேன். அவர்கிட்ட சொல்லலாம்னு எத்தனையோ தடவ போன எடுத்துருக்கேன், வாய் வரல. இத அவரு பாக்கவா போறாரு. நீங்க பாருங்க. ஸ்க்ரூ மிச்சமானா எக்ஸ்ட்ரான்னு சொல்லாதீங்க. பின்தகட்டுல, இடது மூலையில, இங்க."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணாடிக் கூட்டைத் திறந்து, அடியில் பஞ்சில் பொதிந்து வைத்திருந்த அந்த ஸ்க்ரூவை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். துரு இல்லை, அப்பப்போ எண்ணெய் போட்டிருக்கிறார். மூன்று வருஷமாகக் கண்ணாடி எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்த்திருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்.

"இடது மூலைங்கறான். முன்னாடி நின்னு பாத்தாத்தான் அது இடது. பின்தகட்டப் பின்னாடி நின்னு பாக்கணும், வலது. இருபத்தேழு தடவ கேட்டுட்டேன், இருபத்தேழு தடவையும் தப்பாவே சொல்றான். வரச் சொல்லு, காட்டறேன்."

நோட்டை எடுத்துக் கழித்துப் பார்த்தேன். 239இல் 212 போனால் இருபத்தேழு. ஊர் பார்க்கவில்லை தம்பி, ஒரே ஆள்.

ஆகவே மேலே கேட்ட மூன்றையும் விட்டுவிடு. பேனாவால் எழுதிவிட்டேன், அடித்தால் அசிங்கமாக இருக்கும், நீயே அடித்ததாக நினைத்துப் படித்துக்கொள். வீடியோவை எடுக்காதே. மன்னிப்பு எழுதாதே, அதிலும் பிழை பார்ப்பார். வராதே என்று எழுதிய கையாலேயே எழுதுகிறேன், வா. மெஷின் மேலிருந்த பேப்பர் அடுக்கை இப்போதுதான் அவரே இறக்கி வைத்தார். உன்னுடைய ஸ்க்ரூ டிரைவரையே கொண்டு வா, எங்கள் வீட்டில் இருப்பது முனை தேய்ந்த சாமானாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நாலு ஐந்திலிருந்து மிச்சத்தைப் போட்டுக் காட்டப் போகிறேன், பிளக்கை அவர் பார்த்துக்கொள்கிறாராம். முடிவுக் கட்டத்தில் இப்போதும் நான் ஒன்றும் எழுதவில்லை.

எந்த வண்டியில், எத்தனை மணிக்கு வந்து இறங்குவாய் என்று சீக்கிரம் பதில் எழுது.